டேபிள் மாறியது ஆப்புக்குத் தெரிய வேண்டாமா? கேள்வி-பதில்

கேள்வி (பாவூர்சத்திரம்): காய்கறி மார்க்கெட்டுக்கு விலைப் பட்டியல் ஆப் ஒன்று சுபாபேஸில் (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை வைத்து ஆப் செய்ய உதவும் சேவை) செய்திருக்கிறேன். டேபிளில் கத்தரிக்காய் விலையை மாற்றினால் போனில் மாறவில்லை. எரரும் இல்லை.

பதில்: எரர் வராததுதான் இதில் தொல்லையே. மாற்றங்களைக் கேட்க சப்ஸ்கிரைப் ஆகிவிட்டது என்று காட்டும், செய்தி மட்டும் வராது. அந்த டேபிளை ரியல்டைம் பப்ளிகேஷனில், அதாவது மாற்றம் நடந்தால் ஆப்புக்குச் சொல்ல வேண்டிய டேபிள்களின் பட்டியலில், சேர்த்தீர்களா, பாருங்கள். சேர்த்தும் வரவில்லை என்றால் ஆர்எல்எஸ் (டேபிளில் எந்த வரியை யார் பார்க்கலாம், மாற்றலாம் என்ற கட்டுப்பாடு). அதை ஆன் செய்துவிட்டு, படிக்க அனுமதிக்கும் பாலிசி எழுதாமல் விட்டிருப்பீர்கள். அவசரத்தில் ஆர்எல்எஸ்ஸையே அணைத்துவிடாதீர்கள். அப்புறம் விலையை யார் வேண்டுமானாலும் மாற்றுவார்கள்.

கேள்வி (வி.கே.புரம்): அண்ணாச்சி, எங்கள் டெலிவரி பையன் பாபநாசத்துக்கு மேலே ஏறினால் சிக்னல் போய்விடுகிறது. இறங்கியதும் ஆப் தானாக இணைகிறது. ஆனால் நடுவில் கேன்சல் ஆன ஆர்டர் அப்படியே நிற்கிறது. இதுவும் சுபாபேஸ்தான்.

பதில்: நிற்கத்தான் செய்யும். இணைப்பு அறுந்திருந்த நேரத்து மாற்றங்களை அது சேர்த்து வைத்துத் தராது. டேட்டாபேஸே ஆப்புக்குச் செய்தி அனுப்பும் போஸ்ட்கிரெஸின் லிசன்-நோட்டிஃபையும் அப்படித்தான். மறுபடி இணைந்ததும் ஆர்டர்களைப் புதிதாகக் கேட்டு வாங்குங்கள்.

இதில் வரிசை முக்கியம். முதலில் சப்ஸ்கிரைப், அது உறுதியான பிறகு ஆர்டர்களைக் கேட்டு வாங்கும் செலக்ட். மாற்றிச் செய்தால் இரண்டுக்கும் நடுவே நடந்த கேன்சல் நழுவிவிடும். இப்படிச் செய்யும்போது ஒரே மாற்றம் இரண்டு தடவை வரலாம். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு வெர்ஷன் எண் வைத்து, பழையதை ஒதுக்கிவிடுங்கள்.

‘கடைசியாகப் பார்த்த நேரத்துக்குப் பிறகு மாறியவை மட்டும்’ என்று கேட்க ஆசை வரும். டெலிட் ஆனது அதில் வரவே வராது. அதனால் கேன்சல் ஆனதை அழிக்காமல் ஸ்டேட்டஸை மட்டும் மாற்றுங்கள். என்னைக் கேட்டால், ஒரு பையனுக்கு ஒரு நாளில் எத்தனை ஆர்டர் இருந்துவிடப் போகிறது? முழுவதையும் கேளுங்கள்.

மாங்கோடிபி என்ற வேறு டேட்டாபேஸில், மாற்றங்களைச் சொல்லும் சேஞ்ச் ஸ்ட்ரீம் என்றால் ரெஸ்யூம் டோக்கன் கொடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த இடம் ஆப்லாகில் (மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவேடு) இன்னும் அழியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி (பாளையங்கோட்டை): போஸ்ட்கிரெஸில், டேபிள் மாறும்போது தானாக ஓடும் டிரிக்கரில் நோட்டிஃபை வைத்து முழு பில்லையும் ஜேசனாக அனுப்புகிறோம். பெரிய பில் சேவ் ஆகவே மாட்டேன் என்கிறது.

பதில்: நோட்டிஃபையில் அனுப்புவது 8000 பைட்டுக்குள் இருக்க வேண்டும். மீறினால் எரர், டிரிக்கரில் எரர் என்றால் பில்லும் சேவ் ஆகாமல் ரோல்பேக். பில் எண்ணை மட்டும் அனுப்புங்கள், மற்றதை ஆப் போய் எடுத்துக்கொள்ளட்டும். நடுவில் இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் டிரான்ஸாக்ஷன் மோடில் இருந்தால் லிசன் வேலை செய்யாது. அந்த ஒரு இணைப்பை மட்டும் நேராக போஸ்ட்கிரெஸுக்குக் கொடுங்கள்.

கேள்வி (தென்காசி): டேட்டாபேஸ் மாற்றங்களைப் படித்து வெளியே அனுப்பும் டெபீசியத்தை டெஸ்ட்டுக்குப் போட்டுப் பார்த்து நிறுத்திவிட்டோம். இப்போது போஸ்ட்கிரெஸ் சர்வரில் டிஸ்க் நிரம்பிக்கொண்டே போகிறது.

பதில்: டெபீசியத்தை நிறுத்தினீர்கள், அது எதுவரை படித்தது என்று குறித்து வைக்க உண்டாக்கிய ரெப்ளிகேஷன் ஸ்லாட் அங்கேயே கிடக்கிறது. யாரோ வந்து படிப்பார்கள் என்று போஸ்ட்கிரெஸ், மாற்றங்களைப் பதியும் வால் (WAL) ஃபைல்களை அழிக்காமல் வைத்திருக்கிறது. பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் வியூவில் ஆக்டிவ் இல்லாததைப் பார்த்து டிராப் செய்யுங்கள். 13-ஆம் பதிப்பு முதல் மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் என்று ஒரு செட்டிங் இருக்கிறது. அதற்கும் இன்றைக்கே ஒரு வரம்பு போட்டுவிடுங்கள்.