பின்னால் கட்டிய கைகள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

பால்டிமோரில் ஒரு புற்றுநோய் ஆய்வகத்தில், முனைவர் பட்டம் முடித்தபின் ஆய்வாளராக இருக்கிறேன். கோடை விடுமுறையில் கறுப்பின, ஹிஸ்பானியக் கல்லூரி மாணவர்களைப் பத்து வாரம் சேர்த்துக்கொண்டு ஆய்வுப் பயிற்சி தரும் திட்டம் ஒன்று இங்கே உண்டு. சென்ற ஆண்டு ஒரு மாணவரை என்னிடம் ஒப்படைத்தார்கள். நல்ல பிள்ளைதான். ஆனால் முதல் மூன்று வாரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நான் செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு கேள்வி கேட்கவில்லை, திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட்டைத் தொடவில்லை. இந்த ஆண்டும் என்னைக் கேட்கிறார்கள். என் ஆய்வுக் கட்டுரையோ பாதியில் நிற்கிறது. தகுதியும் ஆர்வமும் இருப்பவர்கள் தாமாகவே வருவார்களே, இப்படித் தேடிப் பிடித்து வருவது அறிவியலுக்கு நல்லதா? நான் ஒப்புக்கொள்ளலாமா? அனுமதி கேட்காமலே புற்றுச் செல்களை எடுத்து இன்றுவரை ஆய்வகங்களில் வளர்க்கிறார்களே, அந்தக் கறுப்பினப் பெண் ஹென்றியேட்டா லாக்ஸின் கதை தெரிந்தவன்தான், தவறாக எண்ண வேண்டாம். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குச் சில அறிவியல் நூல்களையும் பரிந்துரையுங்கள்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

மகளை நூலகத்தில் கொண்டுபோய் விடுங்கள், அவளே எடுத்துக்கொள்வாள். லாக்ஸ் கதையை விட்டுவிடுவோம். அந்தப் பெண்மணியின் செல்களை நாள்தோறும் வளர்ப்பவர் நீங்கள், உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

நான் நின்றுவிட்டது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

கல்லூரியில் என்னோடு வேதியியல் படித்த ஒருவன் அப்படித்தான் நிற்பான். அவன் வீட்டில் அவன்தான் முதன்முதலில் கல்லூரிக்கு வந்தவன். நாங்கள் அமிலத்தை ஊற்றுவோம், அவன் அளவுகளை நோட்டில் குறித்துக் கணக்குப் போட்டுத் தருவான். ஒருபோதும் தப்பாது. அளவு குறித்த கண்ணாடிக் குழாயான பியூரெட்டை மட்டும் தொடமாட்டான். ‘ஆர்வமில்லாத பயல்’ என்று ஆசிரியர் முடிவுகட்டிவிட்டார். ஆய்வுக்கூடத்துச் சுவரில் தட்டச்சு செய்த தாள் ஒன்று ஒட்டியிருக்கும். எது உடைந்தால் எவ்வளவு கட்டவேண்டும் என்ற பட்டியல். நாங்கள் யாரும் அதைப் படித்ததில்லை. அவனுக்கு அது மனப்பாடம். ஒரு பியூரெட் உடைந்தால் விடுதிச் சாப்பாட்டுக் கணக்கில் எத்தனை நாள் போகும் என்பது வரை வைத்திருந்தான். செய்முறைத் தேர்வன்று வேறு வழியில்லாமல் திருகைத் திறந்தான். வெளிர் இளஞ்சிவப்பில் நிற்கவேண்டிய கரைசல் ஒரே பாய்ச்சலில் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டது. தகுதியில்லை என்று மதிப்பெண் பட்டியலும் சொல்லிவிட்டது. பிறகு வங்கித் தேர்வு எழுதிப் போய்விட்டான்.

உங்கள் மேசையிலிருக்கும் மைக்ரோபிப்பெட் ஒன்றின் விலை சில நூறு டாலர். வளர்ப்புத் தட்டில் பூஞ்சை புகுந்தால் பல வார உழைப்பு குப்பைக்குப் போகும். உடைந்தால் பரவாயில்லை என்று முதல்நாள் அவரிடம் சொன்னீர்களா? பழைய பிப்பெட்டையும் சாயம் கலந்த தண்ணீரையும் கொடுத்து, ஒரு நாள் முழுக்கக் கெடுத்துப் பழகு என்று விட்டீர்களா? உங்களுக்கு அப்படி ஒருவர் சொல்லவேண்டிய தேவை இருந்திருக்காது, அதனால் உங்களுக்குத் தோன்றியிருக்காது. சரி. ஆனால் மூன்று வாரம்! ஒரு பிள்ளை மூன்று வாரம் எதிரே நிற்கிறது, ஏன் என்று ஒரு வார்த்தை நீங்கள் கேட்கவில்லை. அவர் கேள்வி கேட்கவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

‘தாமாகவே வருவார்கள்’ என்ற வாக்கியத்தைச் சென்னையில் நிறையக் கேட்டிருக்கிறேன். அதற்கும் விசா கிடைத்துவிட்டது போலிருக்கிறது. உங்கள் துறையிலேயே ஒருவரைப் பாருங்கள். இரத்தப் புற்றுக்குக் கொடுத்த மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து மார்பகப் புற்றுக் கட்டியிலும் வேலை செய்யும் என்று 1951இல் காட்டியவர் ஜேன் குக் ரைட், கறுப்பினப் பெண். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தை 1964இல் தொடங்கிய எழுவரில் ஒரே பெண். அவர் தானாக வந்தவரா? தாத்தா அடிமையாகப் பிறந்து மருத்துவம் படித்தவர். தந்தை லூயிஸ் ரைட் ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர். 1948இல் நியூயார்க்கின் ஹார்லம் மருத்துவமனையில் தந்தை தொடங்கிய புற்றுநோய் ஆய்வு மையத்தில்தான் மகள் சேர்ந்தார். மூன்று தலைமுறை ஒரு வீட்டுக்குள் நடந்த பயிற்சி அது. அந்த வீடு வாய்க்காத பிள்ளைக்கு நீங்கள் தருவது பத்து வாரம். அதில் மூன்று வாரத்தை வேடிக்கையில் கழித்துவிட்டீர்கள்.

அந்த மெத்தோட்ரெக்ஸேட் அமெரிக்காவில் லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் எல்லப்பிரகட சுப்பாராவின் குழுவில் உருவானது. நம் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். கதர் உடுத்தியதற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தவர். பிறகு பாஸ்டன் போய், செலவுக்குக் காசில்லாமல் மருத்துவமனையில் இரவு வேலை பார்த்தார். பார்த்தீர்களா, திறமை எப்படியும் மேலே வந்துவிடும் என்று நீங்கள் உடனே எழுதுவீர்கள். நான் அந்த இரவுகளைக் கேட்கிறேன். அந்த நேரத்தில் அவர் ஆய்வகத்தில் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

அறிவியலுக்கு நல்லதா என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்கக் கறுப்பின ஆண்கள் புராஸ்டேட் புற்றுநோயால் இறக்கும் விகிதம் வெள்ளையரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஏன் என்ற கேள்வியை முதலில் யார் கேட்பார்? கேட்டாலும், படிப்பு, பயிற்சி, வெளியீடு எல்லாவற்றையும் ஈடுகட்டிப் பார்த்த பின்னரும், கறுப்பின ஆய்வாளரின் விண்ணப்பத்துக்கு அரசு நிதி கிடைக்கும் வாய்ப்பு 10 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்ததை 2011இல் ஓர் ஆய்வு காட்டியது. 2025இல் இத்தகைய பயிற்சித் திட்டங்கள் பலவற்றுக்கு அங்கே நிதியை நிறுத்தினார்கள். அந்த அரசியலை இன்னொரு நாள் பேசலாம். உங்கள் திட்டம் இன்னும் ஓடுகிறதே, அதைப் பாருங்கள்.

ஒப்புக்கொள்ளுங்கள். கட்டுரை ஒரு மாதம் தாமதமானால் உலகம் நின்றுவிடாது.

இன்னொன்று. அந்தப் பிள்ளைக்கு உதவித்தொகை எந்தத் தேதியில் கைக்கு வரும் என்று நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள். முதல் மாத முடிவில் என்றால், அதுவரை வாடகைக்கும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன செய்வார், முன்பணம் உண்டா என்று விடாமல் கேளுங்கள். இப்போதே கேளுங்கள். ஜூனில் போய்க் கேட்டால் உங்கள் படிவம் அடுத்த கோடைக்குத்தான் நகரும்.