மகள் செல் உயிரியல் ஆராய்ச்சிக்குப் போகட்டுமா?

போகட்டும். அவள் ஆன்டிஆக்ஸிடன்ட்களை, அதாவது ஆக்ஸிஜனேற்றத்தால் செல் சேதமாவதைத் தடுக்கும் பொருட்களை, ஆராய விரும்புகிறாள் என்கிறீர்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் சத்து மாத்திரை வியாபாரம் என்று நினைத்துக் கலங்குகிறீர்கள், அந்தப் பயம் வேண்டாம். மாத்திரையாக உள்ளே போனாலே நல்லது என்ற எண்ணம் 1994-லேயே அடிவாங்கிவிட்டது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்த பெரிய ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது. உங்கள் மகளைப் பிடித்திருக்கும் கேள்வி வேறு: செல்லுக்குள் ஆன்டிஆக்ஸிடன்ட் எங்கே இருக்கிறது, அங்கே எப்படிப் போகிறது?

செல்லே தயாரிக்கும் ஆன்டிஆக்ஸிடன்டான குளூட்டாதையோனை எடுத்துக்கொள்ளுங்கள். தயாராவது சைட்டோசாலில், அதாவது செல்லை நிரப்பியிருக்கும் திரவத்தில் மட்டும்தான். செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்கு அது இல்லாமல் முடியாது, ஆனால் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வைக் குளூட்டாதையோனால் தானாகத் தாண்டவும் முடியாது. அதை உள்ளே கொண்டுபோவது யார் என்பது ரொம்ப காலம் பிடிபடவில்லை. 2021-ல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் கிவான்ச் பிர்சோய் குழுவினர் செல்களில் குளூட்டாதையோனைக் குறைத்துவிட்டு, மைட்டோகாண்ட்ரியாவைத் தனியே பிரித்தெடுத்து, எந்தப் புரதம் கூடுகிறது என்று பார்த்தார்கள். எஸ்எல்சி25ஏ39 என்ற புரதம் கூடியிருந்தது, குளூட்டாதையோன் உள்ளே போக அது தேவை என்று காட்டினார்கள். அப்புறம் 2023-ல் இன்னும் அழகான விஷயம் வெளிவந்தது: மைட்டோகாண்ட்ரியாவுக்குள் குளூட்டாதையோன் போதுமான அளவு இருந்தால் ஏஎஃப்ஜி3எல்2 என்ற நொதி அந்தப் புரதத்தைச் சிதைத்துவிடுகிறது, குறைந்தால் விட்டுவைக்கிறது. செல்லில் புரதங்கள் மடிந்து உருப்பெறும் இடமான எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்திலோ புரதங்களுக்கு டைசல்ஃபைடு பிணைப்பு (இரண்டு கந்தக அணுக்களின் இணைப்பு) அமைய வேண்டும், அதனால் அங்கே சைட்டோசாலைவிட ஆக்ஸிஜனேற்றம் கூடிய சூழல். ஒரே செல்லுக்குள் இடத்துக்கு இடம் ரிடாக்ஸ் கணக்கு, அதாவது ஆக்ஸிஜனேற்றத்துக்கும் ஒடுக்கத்துக்கும் உள்ள சமநிலை, மாறுகிறது.

சரி, வேலை? இந்தக் கேள்வியைத் துரத்தும்போது அவள் கற்பது செல் வளர்ப்பு, மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர், மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி, ஒளிரும் புரத உணரிகளை வைத்து உயிருள்ள செல்லில் அளப்பது, கூடவே தரவுப் பகுப்பாய்வு. மருந்து நிறுவனங்களும் நோயறிதல் ஆய்வகங்களும் ஆள் தேடுவது இந்தத் திறன்களுக்குத்தான், குளூட்டாதையோன் தெரியுமா என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் முனைவர் பட்டம் முடிய பல வருடம் ஆகும், அதன்பின் பேராசிரியர் வேலை எல்லோருக்கும் கிடைக்காது, இதை மறைத்து உங்களை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால் முதல் நாளிலிருந்தே நிரல் எழுதவும் புள்ளியியலும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். ஆய்வகம் கைவிட்டாலும் இந்த இரண்டும் கைகொடுக்கும்.

மதிப்பெண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். நான் பார்க்கச் சொல்வது, ஒரு சோதனை திரும்பத் திரும்பக் கெட்டுப்போனால் எரிச்சலோடாவது மறுபடி உட்கார்ந்து ஏன் என்று தேடுகிறாளா என்பதை. பட்டம் முடிப்பதற்குள் ஏதாவது ஒரு செல் உயிரியல் ஆய்வகத்தில் சில மாதம் உதவியாளாக இருந்து பார்க்கட்டும். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவரிடம் முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்கட்டும், தலைப்பின் கவர்ச்சியைவிட அந்தப் பதில்தான் எனக்கு முக்கியம்.