புது நோடு சேர்ந்தது, தரவு எங்கே?

கேள்வி: மூன்று நோடுகள் (தரவைப் பகிர்ந்து வைத்திருக்கும் சர்வர்கள்) உள்ள எங்கள் கசாண்ட்ரா தரவுத்தளக் கிளஸ்டரில் நான்காவதைச் சேர்த்தேன். உடனே ‘யூஎன்’ (UN: இயல்பாக இயங்குகிறது) என்று காட்டியது. ஆனால் சில பதிவுகளைத் தேடினால் காலியாக வருகிறது. ஏன்?
— வாசகர், கோவை

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். பழைய நோடுகளில் ‘நோட்டூல் கிளீனப்’ கட்டளையை மட்டும் இப்போது ஓட்டிவிடாதீர்கள். உங்கள் தரவு இன்னும் அங்கேதான் இருக்கிறது. புதிய நோடின் பங்காகிவிட்ட தரவைக் கிளீனப் பழையவற்றிலிருந்து அழித்துவிடும்.

அவ்வளவு வேகமாகச் சேர்ந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. முறைப்படி சேரும் நோடு, தன் பங்குத் தரவை மற்றவற்றிடமிருந்து இழுத்து முடிக்கும்வரை ‘யூஜே’ (UJ: சேர்ந்துகொண்டிருக்கிறது) நிலையில் நிற்கும். உங்கள் யாமல் அமைப்புக் கோப்பில் சீட்ஸ் பட்டியலை, அதாவது புதிதாகச் சேரும் நோடு முதலில் தொடர்புகொள்ளும் நோடுகளின் பட்டியலைப் பாருங்கள். புதிய நோடின் ஐபியும் அதில் இருக்கும் என்றே நினைக்கிறேன். தன்னையே சீடாகக் காணும் நோடு தரவை இழுக்காது. விருந்துக்கு வெறுங்கையோடு வந்தவர் போல உள்ளே வந்து உட்கார்ந்துவிடும்.

சரி, புதிய நோடில் ‘நோட்டூல் டீகமிஷன்’ (நோடை முறைப்படி விலக்கும் கட்டளை) கொடுங்கள். இடையில் அது வாங்கிய பதிவுகள் மற்றவற்றுக்குப் போய்விடும். அப்புறம் அதன் டேட்டா, கமிட்லாக், சேவ்டு கேச்சஸ் கோப்புறைகளைக் காலி செய்து, சீட்ஸிலிருந்து ஐபியை நீக்கித் தொடங்குங்கள். நோடுகளுக்கிடையே 7000ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும். தரவு வருவதை ‘நோட்டூல் நெட்ஸ்டாட்ஸ்’ காட்டும். மறுபடி ‘யூஎன்’ வந்தபின், பழைய நோடுகளில் ஒவ்வொன்றாகக் கிளீனப் ஓட்டலாம்.