லெமன் ரைஸில் என்ன போட்டீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்

தங்கச்சி, மகளின் வகுப்பு அம்மாக்கள் வாட்ஸாப் குழுவில் கேக்கும் 'பை' (pie) என்ற பலகாரமும் சுட்டுப் படம் போடுகிறார்கள், பதிலுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை, அடுத்த வாரம் பள்ளியில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்துக்கு லெமன் ரைஸ் கொண்டு போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கொண்டு போங்கள். இங்கிலாந்தில் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

படத்துக்குப் பதில் எழுதச் சில வார்த்தைகள் போதும். 'தட் லுக்ஸ் லவ்லி' என்று எழுதிவிட்டு, கண்ணில் பட்ட ஒன்றைச் சேர்த்துக் கேளுங்கள்: மேலே போட்டிருப்பது ஸ்ட்ராபெரியா, நீங்களே செய்ததா என்று. அந்தக் கேள்வியில்தான் பேச்சு வளரும். நம் ஊர்ப் பழக்கத்தில் படத்தைப் பார்த்ததுமே 'வெரி டேஸ்டி' என்று எழுதிவிடுவோம். இங்கே அதைச் சாப்பிட்டவர்தான் சொல்வார். சாப்பிட்ட பிறகு 'தட் வாஸ் டெலிஷியஸ்' சொல்லுங்கள். 'குட் ஐ ஹேவ் த ரெசிப்பி?' என்று கேட்டால் சமைத்தவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. உங்கள் உணவை ஒருவர் 'மோரிஷ்' என்றால் கை நிற்காமல் எடுத்துச் சாப்பிட வைக்கிறது என்று பொருள், மகிழ்ந்துகொள்ளுங்கள். 'இன்ட்ரஸ்டிங்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பெரும்பாலும் பிடிக்கவில்லை. விட்டுவிடுங்கள்.

உங்கள் ஆங்கிலத்தை யாரும் எடை போடப் போவதில்லை. தட்டில் என்ன இருக்கிறது என்பதைத்தான் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த நாட்டில் ஒவ்வாமைக்குக் காரணமாகும் 14 பொருள்களைக் கடைகளும் உணவகங்களும் சொல்லியாக வேண்டும். 2016-ல் நடாஷா என்ற 15 வயதுப் பெண், ரொட்டி மாவில் எள் கலந்திருப்பது தெரியாமல் சாப்பிட்டு இறந்துபோனாள். கடையிலேயே செய்து பொட்டலமிட்டு விற்கும் உணவிலும் என்னென்ன இருக்கிறது என்று முழுவதும் அச்சிட வேண்டும் என்ற சட்டம் 2021 அக்டோபரில் அவள் பெயரால்தான் வந்தது. வீட்டில் சமைத்துப் பகிர்பவரை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒவ்வாமை உள்ள பிள்ளையின் தாய் அந்த மேசையருகே நிற்கும்போது படும் பயத்தை நீங்களும் ஒரு தாயாக உணர்வீர்கள்.

இப்போது உங்கள் லெமன் ரைஸைப் பாருங்கள். தாளித்த கடுகு அந்தப் பட்டியலில் இருக்கிறது. நம்மில் பலருக்கு இது தெரியாது. கடுகில்லாமல் நமக்குத் தாளிப்பே கிடையாதே! வேர்க்கடலை, முந்திரி இரண்டும் இருக்கின்றன. நல்லெண்ணெய் ஊற்றினால் எள் வந்துவிட்டது. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். பல பள்ளிகளில் வேர்க்கடலை, முந்திரி வகையே உள்ளே வரக்கூடாது என்பார்கள். அதனால் அவற்றை விட்டுவிட்டுக் கடுகும் கடலைப்பருப்பும் மட்டும் தாளியுங்கள், ருசி குறையாது. சூரியகாந்தி எண்ணெய் ஊற்றுங்கள். ஒரு சிறு அட்டையில் 'லெமன் ரைஸ், வீகன், கன்டெய்ன்ஸ் மஸ்டர்ட்' என்று பெரிய எழுத்தில் எழுதிப் பாத்திரத்தின் முன் வையுங்கள். பெருங்காயத்தில் கோதுமை இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். வெறும் வெஜிடேரியன் என்று எழுதினால் இங்கே முட்டை, பால் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். வீகன் என்றால் பால், முட்டை உட்பட விலங்கிலிருந்து வரும் எதுவும் இல்லாதது. நெய் சேர்க்காத உங்கள் சாதத்துக்கு அதுதான் சரி. மிளகாய் போட்டிருந்தால் 'எ பிட் ஸ்பைசி' என்று மறைக்காமல் சொல்லுங்கள். நமக்குக் காரமே தெரியாதது ஐந்து வயதுப் பிள்ளைக்கு எரியும்.

பரிமாறும்போது 'ப்ளீஸ் ஹெல்ப் யுவர்செல்ஃப்' என்று சொன்னால் போதும். ஒருவர் 'ஐ ஆம் ஃபைன், தேங்க்யூ' என்றால் வேண்டாம் என்றே அர்த்தம். இன்னும் கொஞ்சம், ஒரு கரண்டி என்று நம் வீட்டுப் பந்தியில் உபசரிப்பதுபோல் மூன்று தடவை வற்புறுத்தினால் அவருக்குச் சங்கடம். அதே உரிமை உங்களுக்கும் உண்டு. முட்டை சாப்பிடாதவராக இருந்தால் கேக்கை நீட்டும்போது 'இட் லுக்ஸ் லவ்லி, பட் ஐ டோன்ட் ஈட் எக்ஸ்' என்று சிரித்த முகமாகச் சொல்லுங்கள். ஒருவரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அடுத்த முறை முட்டையில்லாமல் செய்து வருபவர்களும் உண்டு.

பாத்திரத்தின் அடியில் உங்கள் பெயரை ஒட்டிவிடுங்கள். விருந்து முடிந்ததும் எல்லா டப்பாக்களும் ஒரே மேசையில்தான் கிடக்கும்.