ஊட்டிக்கு எந்தப் பிரிவில் இறங்குவது? கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்துப் பதில்

கோத்தகிரியில் இருக்கிறேன். முன்பு கேரட் லோடு ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவேன், இப்போது டூரிஸ்ட் வண்டி. சீசன் நெருங்கியதும் வழி கேட்டு வருகிற கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் போட்டு மாளவில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். எல்லோரும் கொண்டை ஊசி வளைவைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். மலை ஏற ஆகும் நேரம் யாருக்கும் பெரிதாக மாறாது. கீழே நாலுவழிச் சாலையை எங்கே விடுகிறீர்கள் என்பதில்தான் ஒரு மணி நேரம் வருவதும் போவதும்.

தாம்பரத்திலிருந்து ஒருவர்: அண்ணா, சேலம் வழியாக வருகிறோம். மேப் கோயம்புத்தூர் வரை இழுக்கிறது. சிலர் அவிநாசியில் இறங்கச் சொல்கிறார்கள். எது சரி?

அவிநாசிதான். சேலம்–கொச்சி சாலையில் (தேசிய நெடுஞ்சாலை 544) பெருந்துறை, செங்கப்பள்ளி தாண்டி வந்தால் அவிநாசி வரும். பெரிய சாலை ஊருக்குள் போகாது, பைபாஸில் வெளியே போய்விடும். அதனால் அவிநாசி போர்டு கண்ணில் பட்டதுமே இடது ஓரத்துக்கு வந்து சர்வீஸ் ரோட்டில் இறங்கிவிட வேண்டும். மேம்பாலம் ஏறிய பிறகு யோசித்துப் பிரயோசனமில்லை. ஊருக்குள் வந்து மேட்டுப்பாளையம் ரோடு எது என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். கருவலூர், அன்னூர், அப்புறம் மேட்டுப்பாளையம், மொத்தம் 38 கிலோமீட்டர் வரும். அன்னூரில் கோவை–சத்தி (சத்தியமங்கலம்) சாலை குறுக்கே வரும், அந்த ஒரு இடத்தில்தான் கொஞ்சம் நின்று போக வேண்டியிருக்கும்.

இதில் கணியூர் டோல்கேட்டும் மிச்சம், கோவை நெரிசலும் மிச்சம். கோல்ட்வின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை பத்து கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்துவிட்டார்களே என்று கேட்பீர்கள். உண்மைதான், அவிநாசி ரோடு இப்போது வேகமாகப் போகிறது. ஆனால் அதற்கப்புறம் துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை என்று மேட்டுப்பாளையம் ரோடு முழுக்க இருக்கிறதே, அதை யார் ஓட்டுவது? ஏர்போர்ட்டில் யாரையாவது ஏற்ற வேண்டியிருந்தால் மட்டும் கோவைக்குள் போங்கள்.

அதே நண்பர்: பேச்சு சுவாரஸ்யத்தில் அவிநாசியை விட்டுவிட்டால்?

பின்னால் எடுக்காதீர்கள், அந்த வேகத்தில் வருகிற சாலையில் அது தற்கொலை. தெக்கலூர் தாண்டி கருமத்தம்பட்டி வரும், அங்கே வலப்பக்கம் அன்னூருக்கு ஒரு ரோடு பிரிகிறது. டோல்கேட் அதற்கும் அப்பால்தான். அதையும் விட்டுவிட்டால் கோவைதான், வேறு வழியில்லை.

ஈரோட்டிலிருந்து: எங்களுக்கும் அவிநாசிதானா?

உங்களுக்கு எதற்கு பெரிய சாலை? சித்தோடு, கவுந்தப்பாடி, கோபி, சத்தி, சிறுமுகை, மேட்டுப்பாளையம். மாநில நெடுஞ்சாலை 15, அதே எண் கோத்தகிரி வழியாக ஊட்டி வரை வரும். டோல் கிடையாது, கோபி பக்கம் வாய்க்கால், வயல் என்று கண்ணுக்கும் குளிர்ச்சி. சத்தியிலிருந்து சிறுமுகை வரும் வழியில் சில இடங்களில் காடு பக்கத்திலேயே இருக்கும், இருட்டிய பிறகு ஹெட்லைட்டை நம்பி விரட்ட வேண்டாம்.

மதுரைக்காரர்: திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகப் பல்லடம் வரை வந்துவிடுவோம். அங்கிருந்து சூலூர் போய்க் கோவைக்குள் நுழையாமல் வழி இருக்கிறதா?

இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பல்லடத்திலிருந்து கோவை ரோட்டில் காரணம்பேட்டை வாருங்கள், அங்கே வலது திரும்பினால் சோமனூர், அதைத் தாண்டினால் கருமத்தம்பட்டி. 544ஐக் குறுக்கே கடந்து நேரே அன்னூர், மேட்டுப்பாளையம். விசைத்தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே வரும், அந்த ஊர்களெல்லாம் தறி ஊர்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் டூவீலர் கூட்டம் இருக்கும், அவ்வளவுதான்.

பாலக்காட்டிலிருந்து: வாளையார் தாண்டி எப்படி?

மதுக்கரையிலிருந்து பைபாஸ் பிடித்து நீலாம்பூர் வந்து சுற்றலாம், இல்லையென்றால் உக்கடம் வழியாகக் கோவை ஊருக்குள்ளேயே வரலாம். காலை ஏழு மணிக்குள் என்றால் ஊருக்குள் வாருங்கள். மதுக்கரைப் பக்கம் தொடங்கி நரசிம்மநாயக்கன்பாளையம் வரை மேற்குப் புறவழிச்சாலை முழுதாக முடிந்தால் இந்தக் கேள்விக்கே வேலை இருக்காது.

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி: மலையில் ஓட்டுவது எனக்கு முதல் தடவை. குன்னூர் வழியா, கோத்தகிரி வழியா?

கோத்தகிரி, அக்கா. எங்கள் ஊர் என்பதற்காகச் சொல்லவில்லை. மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றுப் பாலம் தாண்டியதும் ஓடந்துறையில் ரோடு இரண்டாகப் பிரியும். இடது பக்கம் கல்லாறு, பர்லியாறு, குன்னூர். வலது பக்கம் குஞ்சப்பனை, கோத்தகிரி. குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு, எதிரே பஸ்ஸும் லாரியும் ஓயாமல் வரும். கோத்தகிரிப் பாதையில் வண்டி குறைவு, ஏற்றமும் நிதானம். ஊட்டி போகத் தூரம் கொஞ்சம் கூடுதல், பரவாயில்லை.

ஏறும்போது வண்டி மூச்சு வாங்கினால் யோசிக்காமல் செகண்ட் கியருக்கு வந்துவிடுங்கள். வளைவில் ஹாரன் அடித்துவிட்டு உங்கள் பக்கத்திலேயே எடுங்கள், உள்ளே வெட்டிப் போனால் எதிரே வருகிற பஸ் திரும்ப இடமிருக்காது. ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவர் நிற்க வேண்டும், சமவெளியிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரிவதே இல்லை. இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி மலையில் ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாடை வரும். அது வந்தால் அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி, வீல் சூடு ஆறும் வரை டீ குடியுங்கள், தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள்.

குஞ்சப்பனையில் பலா பழுக்கிற மாதங்களில் யானை ரோட்டுக்கே வரும். முன்னால் நாலு வண்டி சும்மா நிற்கிறது என்றால் ஓவர்டேக் செய்யாதீர்கள், காரணமில்லாமல் நிற்கமாட்டார்கள்.

இன்னொன்று, மே மாதக் கூட்டத்தில் போலீஸ் ஒருவழியாக மாற்றிவிடுவார்கள்: ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. அந்த நாட்களில் உங்கள் விருப்பம் எடுபடாது. அக்டோபர், நவம்பர் மழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்து குன்னூர் பாதையை மூடுவதும் உண்டு. 2009 நவம்பரில் மலை முழுக்கச் சரிந்ததை இங்கே இருக்கிற யாரும் மறக்கவில்லை. கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தைக் கேட்டுவிடுங்கள்.

ஓசூரிலிருந்து: பெங்களூரு–மைசூரு எக்ஸ்பிரஸ்வேயில் வந்தால் எங்கே விட வேண்டும்?

கடைசி வரை வாருங்கள். 2023 மார்ச்சில் திறந்த சாலை, நடுவில் ஆறு வழி, இரண்டு பக்கமும் சர்வீஸ் ரோடு. ராமநகரா, சென்னபட்டணா, மத்தூர், மண்டியா, ஸ்ரீரங்கப்பட்டணா எல்லாமே பைபாஸில் போய்விடும். நம் ஊர்ச் சாலை மாதிரி நினைத்த இடத்தில் டீக்கடைக்கு ஒதுங்க முடியாது. மத்தூர் வடை வேண்டுமென்றால் மத்தூர் பைபாஸ் ஏறுவதற்கு முன்பே சர்வீஸ் ரோட்டுக்கு வந்துவிட வேண்டும். ஏறிவிட்டால் வடை கீழே, நீங்கள் மேலே. கேமராவும் நிறைய, நூறுக்கு மேல் ஓட்டாதீர்கள்.

மைசூரு வந்ததும் ஊருக்குள் நுழையாமல் ரிங் ரோட்டில் இடது திரும்புங்கள். சாமுண்டி மலையை ஒரு பக்கமாக விட்டுச் சுற்றி வந்தால் நஞ்சன்கூடு ரோடு. நஞ்சன்கூடு, குண்டுலுபேட்டை. குண்டுலுபேட்டையில் கவனம்: வலப்பக்கம் பிரிவது 766, அது சுல்தான் பத்தேரி போகும். நமக்கு நேரே, 181. பந்திப்பூர், கக்கநல்லா, தெப்பக்காடு, கூடலூர், நடுவட்டம், ஊட்டி.

பெங்களூருவில் இருக்கும் தம்பி: புல்லட்டில் வருகிறேன், அதே வழியா?

மெயின் ரோட்டில் விடமாட்டார்கள் தம்பி. 2023 ஆகஸ்ட் 1 முதல் அங்கே டூவீலர், ஆட்டோ, டிராக்டர் எல்லாவற்றுக்கும் தடை. சர்வீஸ் ரோட்டில் உருட்டிக்கொண்டு வரலாம், அதற்கு கனகபுரா ரோடே மேல். கனகபுரா, மளவள்ளி, கொள்ளேகால், சாம்ராஜ்நகர், அங்கிருந்து குண்டுலுபேட்டை. கோத்தகிரிதான் உன் இலக்கு என்றால் சாம்ராஜ்நகரிலிருந்து ஆசனூர், திம்பம் இறங்கி (27 வளைவு), சத்தி, மேட்டுப்பாளையம் வந்து ஏறு. இரண்டும் காட்டு வழி, பகலில் மட்டும்.

மைசூருவிலிருந்து ஒருவர்: வேலை முடித்துக் கிளம்ப ஏழரை ஆகிவிடும். ஒன்பதுக்குள் பந்திப்பூர் தாண்டிவிடலாமா?

முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு 9 முதல் காலை 6 வரை காட்டு வழியை மூடிவிடுவார்கள், 2009லிருந்து இப்படித்தான். ரிங் ரோட்டிலிருந்து குண்டுலுபேட்டையே அறுபது கிலோமீட்டர். மேலுகாமனஹள்ளி செக்போஸ்டில் 8.55க்குப் போய் நின்று கெஞ்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே விட்டாலும் அந்தப் பக்கம் கக்கநல்லாவில் மறுபடி பேச வேண்டும், நடுவில் வேகமாக ஓட்டத் தோன்றும், மான் குறுக்கே ஓடுவது அப்போதுதான். பத்தேரி ரோட்டிலும் அதே தடை. ஹுன்சூர், கோணிகொப்பா, குட்டா, மானந்தவாடி என்று இரவெல்லாம் சுற்றி வரலாம்தான், அந்தப் பெட்ரோல் காசுக்கு மைசூருவிலேயே ரூம் போட்டுத் தூங்கி, காலை ஆறு மணிக்கு கேட் திறக்கும்போது முதல் ஆளாக நில்லுங்கள். யானை பார்க்கவும் அதுதான் நேரம்.

கரூரிலிருந்து: ஊட்டியிலிருந்து மசினகுடி போக மேப் கல்லட்டி வழியைக் காட்டுகிறது. முப்பது கிலோமீட்டர் மிச்சமாமே?

மிச்சம்தான். 36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்து இறக்கம், பிரேக் பிடிக்காமல் விழுந்த வண்டிகளுக்குக் கணக்கில்லை. 2018ல் நடந்த ஒரு பெரிய விபத்துக்குப் பிறகு வெளியூர் வண்டிகளை அந்த இறக்கத்தில் விடுவதில்லை. டிஎன் 43 (நீலகிரிப் பதிவெண்) இல்லையென்றால் தலைக்குந்தாவிலேயே திருப்பிவிடுவார்கள். கூடலூர் போய், தெப்பக்காட்டில் வலது திரும்பி மசினகுடி போங்கள்.

கூடலூரிலிருந்து கோழிக்கோடு போக?

நாடுகாணி, வழிக்கடவு, நிலம்பூர். பத்தேரி என்றால் தேவர்சோலை, பாட்டவயல். கூடலூரில் மூன்று மாநிலத்துக்கும் ரோடு பிரிகிறது, போர்டைப் பார்த்துத் திரும்புங்கள்.

பொள்ளாச்சி நண்பர்: காரமடையிலிருந்து வெள்ளியங்காடு, கெத்தை, மஞ்சூர் வழியாக ஏறலாமா? கூட்டமே இருக்காதாமே?

கூட்டம் இருக்காது, செல்போன் சிக்னலும் இருக்காது. 43 வளைவு, குறுகலான ரோடு, யானை நடமாட்டம். குன்னூர், கோத்தகிரி இரண்டு பாதையும் அடைபட்டால் உள்ளூர்க்காரர்கள் உபயோகிப்பது அது. குடும்பத்தோடு வருகிறவர்களை நான் அங்கே அனுப்பமாட்டேன்.

இ-பாஸ் இன்னும் தேவையா? (இதை மட்டும் பலர் கேட்டிருக்கிறீர்கள்)

மலைக்கு வருகிற வண்டிக்கு ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு அது, உயர் நீதிமன்ற உத்தரவில் 2024 மே 7ல் வந்தது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று அளவும் வைத்தார்கள். வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். கல்லாறில் வண்டியை ஓரங்கட்டி, ஓடிபி வராமல் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களால்தான் பின்னால் இருக்கிற எங்களுக்கும் நேரம் போகிறது. அப்படியே வண்டியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்தால் கீழேயே இறக்கிவிடுங்கள், மேலே பறிமுதலும் அபராதமும்தான்.

கடைசியாக, நாமக்கல்லிலிருந்து: ஊட்டி முடித்து அப்படியே கொடைக்கானல் போகிறோம். வழி?

கோத்தகிரி வழியாக இறங்கி மேட்டுப்பாளையம், கோவை, பொள்ளாச்சி, உடுமலை, பழனி. பழனியிலிருந்து மலைப்பாதை 64 கிலோமீட்டர், பெருமாள்மலையில் வத்தலக்குண்டு ரோட்டோடு சேரும். வத்தலக்குண்டு வரை சுற்ற வேண்டாம். பழனியில் மதியத்துக்குள் இருந்தால் ஏறுங்கள், சாயங்காலம் ஆகிவிட்டால் சாமி கும்பிட்டுவிட்டு அங்கேயே தங்குங்கள். கொடைக்கானலுக்கு இ-பாஸ் தனி, ஊட்டிக்கு எடுத்தது செல்லாது.