வாசகர் கேள்வி பதில்: ஹலிபக்ஸ் பூட்டி எந்த வீட்டுப் பெண்?

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் ஹலிபக்ஸ் ஊர்க்காரர் ஒருவரை மணந்திருக்கிறாள். மருமகனின் முன்னோர் பரம்பரையாகக் கம்பளித் தொழில் செய்தவர்கள். 1851 குடிசன மதிப்பீட்டில் அவர்களுடைய பூட்டி ஒருவர் 46 வயது விதவை, குடும்பத் தலைவி என்று நாலு பிள்ளைகளோடு பதிவாகியிருக்கிறார். 1861இல் ஆளைக் காணவில்லை. அவருடைய தாய்வீடு எது என்பதும் தெரியாது. நொத்தாரிசு கந்தோரில் வேலை செய்தவன் என்பதால், "அம்மப்பா, நீங்கள்தானே உறுதி பார்க்கிற ஆள்" என்று பேத்தி என்னிடம் தந்துவிட்டாள். எங்கே தொடங்குவது?
- வாசகர், கொக்குவில்

பதில்: ஐயா, உறுதி பார்த்த கண் இதற்கு நன்றாகவே உதவும். ஆனால் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டும். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் கொண்டுவந்த யாழ்ப்பாண வழக்குச் சட்டமான தேசவழமையின்படி சீதனம் பெண்ணின் சொத்தாகவே நிற்கும், ஆகவே கல்யாணத்தோடு அவள் பெயர் உறுதியில் ஏறிவிடும். இங்கிலாந்தில் நேரெதிர். மணமான பெண்களின் சொத்து பற்றிய 1882 சட்டம் வரும்வரை மனைவியின் அசையும் பொருளெல்லாம் கணவனுக்குப் போய்விடும், அவன் சம்மதமில்லாமல் மரணசாதனம்கூட அவள் எழுத முடியாது. அதனால் கல்யாணத்தோடு கடதாசிகளில் மறைந்துபோகிற பெண், கணவன் இறந்த பிறகுதான் தன் பெயரில் திரும்ப வருகிறாள். விதவையாக இருப்பதால் தேடுவது கஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் நல்ல பிடி என்று படுகிறது.

முதலில் 1851 தாளைத் திரும்பப் பாருங்கள், அதில் அவர் பிறந்த ஊர் இருக்க வேண்டும். 1841 தாளை அவ்வளவு நம்பாதீர்கள். அதில் உறவுமுறை இல்லை, பிறந்த ஊர் இல்லை, 15க்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினார்கள், ஆகவே 39 வயதுக்காரி அங்கே 35 என்று இருப்பாள்.

அடுத்தது பிள்ளைகள். தாய்வீட்டுப் பெயர் கிடைக்கிற சுருக்கு வழி இதுதான். அங்கே அரசாங்கப் பதிவு தொடங்கியது 1837 யூலை 1. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளையின் பதிவில் தாயின் கன்னிப்பெயர் இருக்கும், பதிவாளர் நாயகம் அலுவலகத்தின் இணைய அட்டவணையிலேயே அதை இங்கிருந்து பார்க்கலாம். ஒரு பிள்ளைக்குக் கிடைக்காவிட்டால் மற்றப் பிள்ளைக்குப் பாருங்கள், ஏனென்றால் 1875 வரை பதியாமல் விட்ட பெற்றோருக்குத் தண்டனை இல்லை, விடுபட்ட பிறப்புகள் கனக்க உண்டு. அந்தப் பெயரோடு கோயில் விவாகப் பதிவேட்டுக்குப் போங்கள். குடும்பம் மெதடிஸ்தராக இருந்தாலும் பரவாயில்லை, 1754 முதல் 1837 வரை குவேக்கர்களும் யூதர்களும் தவிர எல்லாரும் இங்கிலாந்துத் திருச்சபையில்தான் மணம் முடிக்க வேண்டியிருந்தது. அந்தக் காலப் பதிவில் தகப்பன் பெயர் இருக்காது. சாட்சிக் கையெழுத்துகளை விட்டுவிடாதீர்கள், அதில் அண்ணனோ தம்பியோ நிற்கக்கூடும்.

1861இல் காணவில்லை என்றால் உடனே இறந்துவிட்டார் என்று முடிவு கட்ட வேண்டாம். நாலு பிள்ளைகளோடு நின்ற பெண் மறுமணம் செய்திருக்கலாம், அப்படியென்றால் 1851க்குப் பிந்திய விவாக அட்டவணையில், முதல் கணவனின் குடும்பப் பெயரின் கீழ் தேடுங்கள். 1837க்குப் பிந்திய விவாகப் பதிவில் 'விதவை' என்ற குறிப்போடு அவருடைய தகப்பன் பெயரும் தொழிலும் வரும். உங்களுக்கு வேண்டிய இரண்டும் ஒரே தாளில்! பிள்ளைகளையும் 1861இல் தேடுங்கள், தாயின் இரண்டாவது கணவனின் பெயரில் பதிந்திருப்பார்கள். மறுமணம் இல்லையென்றால் அவருடைய மரண அத்தாட்சிப்பத்திரத்தை எடுங்கள், தொழில் கட்டத்தில் பெரும்பாலும் 'இன்னாரின் விதவை' என்றும் கணவன் என்ன வேலை செய்தான் என்றும் எழுதியிருப்பார்கள்.

அந்த வேலைதான் முக்கியம் ஐயா. 'கம்பளித் தொழில்' என்று ஒரே சொல்லில் நிறுத்தாதீர்கள். கணவன் கம்பளி வாங்கித் தரம் பிரித்து விற்ற வியாபாரி என்றால் கையில் காசு இருந்திருக்கும், மரணசாதனமும் இருக்கலாம். 1858 சனவரி 12க்கு முன் அது திருச்சபை நீதிமன்றங்களின் வேலை, ஹலிபக்ஸ் பகுதிக்கு உரிய யோர்க் நீதிமன்றங்களின் ஏடுகள் யோர்க் பல்கலைக்கழகத்தின் போர்த்விக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே அவருடைய தகப்பனின் மரணசாதனத்தையும் தேடுங்கள், 'என் மகள், இன்னாரின் விதவை' என்று ஒரு வரி வந்தால் போதும். இப்படிப்பட்ட விதவைகள் சிலர் வியாபாரத்தைத் தாங்களே நடத்தினார்கள், அந்தக் கால ஊர் விலாசப் புத்தகங்களில் சொந்தப் பெயரில் வருவார்கள். மாறாக, அவன் கையால் கம்பளி சீவியவன் என்றால் கதை வேறு. 1840களிலும் 50களிலும் சீவும் இயந்திரங்கள் வந்து அந்தத் தொழிலாளிகளின் பிழைப்பை அடியோடு அழித்தன. அப்படியான விதவையை ஏழைகள் நிவாரண ஏடுகளில் தேட வேண்டும். எந்தக் கோயிற்பற்று அவரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்து எழுதிய வாக்குமூலம் கிடைத்தால் பிறப்பு, கல்யாணம், கணவன் வேலை பார்த்த இடங்கள் எல்லாம் வரக்கூடும். கணவனின் பற்றுத்தான் விதவைக்கும் பற்று என்பதால் அவன் ஊரில் தொடங்குங்கள். இந்த ஏடுகளை நான் மரணசாதனத்தைவிட மேலாக மதிக்கிறேன், அதில் அந்தப் பெண் சொன்னதே எழுதப்பட்டிருக்கிறது.

கேள்வி: அதே போன்ற ஒரு குடும்பத்தின் 1690களின் அடக்கப் பதிவேட்டில் பெயர்களுக்குப் பக்கத்தில் 'சத்தியக்கடதாசி' என்று குறித்திருக்கிறதே, எதற்கு?
- வாசகி, வட்டுக்கோட்டை

பதில்: பிணத்தைக் கம்பளித் துணியில்தான் சுற்றிப் புதைத்தோம் என்பதற்கு. உள்ளூர்க் கம்பளி வியாபாரத்தைக் காப்பாற்ற 1666இல் சட்டம் போட்டு, 1678இல் இறுக்கினார்கள். எட்டு நாளுக்குள் ஒருவர் சத்தியம் செய்ய வேண்டும், இல்லையென்றால் 5 பவுண் தண்டம், அதில் பாதி ஊர் ஏழைகளுக்கு, பாதி காட்டிக் கொடுத்தவருக்கு. கொள்ளைநோயில் இறந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. சட்டத்தை 1814இல்தான் நீக்கினார்கள். சத்தியம் செய்தவர் பெயரைச் சில ஏடுகளில் எழுதியிருக்கிறார்கள், இருந்தால் அந்தப் பெயரைக் குறித்து வையுங்கள், சிலவேளை சொந்தக்காரியாக இருக்கும். தண்டம் கட்டியதாகக் குறிப்பு இருந்தால், லினன் துணியில் அடக்கம் செய்யும் அளவுக்கு வசதியான வீடு என்று எடுத்துக்கொண்டு மரணசாதனம் தேடலாம்.