லிசாவின் மௌனம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் பரிந்துரைத்திருந்த ‘லெட்டர் ஃப்ரம் அன் அன்னோன் உமன்’ (1948) திரைப்படத்தை என் மகளுடன் பார்த்தேன். இறுதியில் நான் அழுதேன்; கல்லூரியில் படிக்கும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. “தன்னை நினைவில்கூட வைத்திராத ஒருவனுக்காக ஒருத்தி தன் வாழ்க்கையையே அழித்துக்கொள்கிறாள். ‘நான்தான் லிசா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இதையா பெரிய காதல் என்கிறீர்கள்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தங்கள் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகளின் கோபம் நியாயமானது. அதற்கான காரணங்களை அவளுக்கு எடுத்துக் கொடுத்ததே அந்தப் படம்தான் என்று நினைக்கிறேன். தான் சிறுமியாக இருந்தபோதே காதலிக்கத் தொடங்கிய ஸ்டெஃபானுக்கு லிசா எழுதும் கடிதமாக விரிகிறது படம்; கதையைச் சொல்வது அவள் குரல். ஆனால் இயக்குநர் மாக்ஸ் ஓஃபுல்ஸின் கேமரா, அவள்மீது தீராத பரிவு கொண்டிருந்தும், அவள் காணத் தவறியவற்றையும் காண்கிறது.

மாடிப்படிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். குடும்பம் லின்ஸ் நகருக்குக் கிளம்பும் நாளில் ரயில் நிலையத்திலிருந்து ஓடிவந்துவிடும் சிறுமி லிசா, மேல்படிகளில் ஸ்டெஃபானுக்காக இரவெல்லாம் காத்திருக்கிறாள். அவன் வேறொரு பெண்ணுடன் சிரித்தபடி படியேறி வருகிறான். சில ஆண்டுகளுக்குப் பின் அவன் லிசாவையே அழைத்துவரும்போது, கேமரா அதே மேல்படியில் நின்று அதே கோணத்தில் பார்க்கிறது. அன்று அங்கே நின்ற சிறுமி இப்போது இல்லை. தன் வாழ்வின் மகத்தான இரவு என்று அவள் நம்புவது, அந்தப் படிகளுக்கு வழக்கமான இன்னொரு இரவு. இதை அவள் அறியவில்லை, நாம் அறிந்துகொள்கிறோம்.

எனக்கு மிகவும் பிடித்தது வியன்னாவின் பிராட்டர் கேளிக்கைப் பூங்காவில் வரும் பொய் ரயில். பனிக்காலம், கூட்டமில்லை. நகராத ரயில்பெட்டிக்குள் இருவரும் எதிரெதிரே அமர்ந்திருக்க, சன்னலுக்கு வெளியே வெனிஸும் சுவிட்சர்லாந்தும் தீட்டப்பட்ட திரைகளாக ஓடுகின்றன. ஒரு கிழவர் சைக்கிள் போன்ற பொறியில் அமர்ந்து மிதித்து அந்தத் திரையை ஓடவைப்பதையும் ஓஃபுல்ஸ் மறைக்காமல் காட்டுகிறார். தன் தந்தை பயண விளம்பரத் தாள்களை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தபடியே தன்னை ஊர் ஊராக அழைத்துச் சென்ற கதையை லிசா சொல்கிறாள். நாடுகள் தீர்ந்துவிட்டதும் ஸ்டெஃபான் மீண்டும் காசு கொடுத்து, பார்த்த இடங்களையே இன்னொருமுறை பார்க்கலாம் என்கிறான். கற்பனைப் பயணத்திலேயே வளர்ந்த பெண், கற்பனையான ஒருவனைக் காதலிப்பதில் வியப்பில்லை. லிசாவாக நடிக்கும் ஜோன் ஃபான்டெயினின் முகத்தில் அந்தப் பொழுதின் மகிழ்ச்சி அவ்வளவு உண்மையாக இருப்பதால்தான் அந்தத் திரை நம்மைத் துயரப்படுத்துகிறது.

1922இல் வெளிவந்த, எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வெய்கின் மூலக்கதையில் லிசா காதலிப்பவன் ஓர் எழுத்தாளன். படத்தில் பியானோ கலைஞன் ஆக்கியிருக்கிறார்கள், நல்ல மாற்றம். சிறுமி முற்றத்து ஊஞ்சலில் இருந்தபடி, அவனைக் காணும் முன்பே அவன் இசையைக் கேட்டுவிடுகிறாள். அவளுக்கு அவனால் பிறந்த மகன் டைஃபஸ் காய்ச்சலில் இறக்கும் பகுதி மட்டும் கதையின் வசதிக்காக நேர்ந்ததுபோல் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா” என்ற கேள்விக்கு வருகிறேன். சொல்வதற்காகத்தான் கடைசி முறை, கணவனையும் வசதியான வாழ்வையும் பணயம் வைத்து, வெள்ளைப் பூக்களுடன் அவன் வீட்டுக்குப் போகிறாள். அவனோ எல்லாப் பெண்களிடமும் சொல்லிப் பழகிய வசனங்களையே அவளிடமும் சொல்லிவிட்டு, ஷாம்பெயின் எடுத்துவர உள்ளே போகிறான். அங்கிருந்து, தனிமையாக இருக்கிறதா என்று குரல் கொடுக்கிறான். ஆம், மிகவும் தனிமையாக இருக்கிறது என்று அவள் பதில் சொல்வதைக்கூட அவன் கொஞ்சுமொழியாகவே எடுத்துக்கொள்கிறான். பெயரைச் சொன்னால் நினைவு வரலாம். பெயரைச் சொல்லித்தான் நினைவு வரவேண்டும் என்பதே அந்த நொடியில் அவளுக்கு எல்லாம் முடிந்துவிட்டதற்கான சான்று. அவள் வெளியேறுகிறாள். வாசலில் அவன் பணியாளர் ஜான் அவளைப் பார்க்கும் பார்வையை, அடுத்தமுறை பார்க்கும்போது உங்கள் மகளுக்குக் காட்டுங்கள்.

ஏனென்றால், கடிதத்தைப் படித்து முடித்த ஸ்டெஃபான், உனக்கு அவளை நினைவிருந்ததா என்று கேட்பது அந்த ஜானிடம்தான். வாய்பேச முடியாத அவர் தலையசைக்கிறார். பிறகு ஒரு தாளை எடுத்து, ‘லிசா பெர்ண்டில்’ என்று எழுதுகிறார்.